இரண்டு காரும் ஒரு சத்தமும்

கிஷாந்த் என்ற பேரைச் சிவானி முதன்முதல் கேட்டது கொட்டாஞ்சேனையில், தன்னுடைய தாய்வீட்டு மேல்மாடியில், சுபோதினி மாமி சம்பந்தம் பேச வந்த அன்று. சுபோதினி மாமி சிவானியின் தாயாருக்கு ஒன்றுவிட்ட தமையனின் பெண்சாதி. மாப்பிள்ளையின் தாய் அன்னபாக்கியத்துக்கோ பெறாமகள் முறை. இரண்டு பக்கமும் உறவு ஒட்டினவர் என்றபடியால் இரண்டு பக்கத்துக் குறைநிறையும் அவருக்குத் தண்ணீர்பட்ட பாடு. வடையைக் கடித்துக்கொண்டே சொன்னார்.

"பெடியன் தங்கமான பெடியன். பேர் கிஷாந்த். வெள்ளவத்தையில மூக்குக்கண்ணாடிக் கடை. வீட்டில ரெண்டு கார் நிக்குது, ரெண்டும் பறக்கிற கார். ஆனா பிள்ளை, ஒண்டிலதான் உன்னை ஏத்துவான். மற்றதில ஏற்கெனவே ஆள் இருக்கு."

யாரோ ஒரு பெட்டை என்று நினைத்துச் சிவானி எழும்பிவிட்டாள். மாமி கையைப் பிடித்து இருத்தினார். பெட்டை இல்லையாம். அது தமையன் துவாரகன். இரண்டாயிரத்து எட்டாம் ஆண்டு ஒரு வியாழக்கிழமை காரை எடுத்துக்கொண்டு போனவன். கார் வந்தது, ஆள் வரவில்லை. கொழும்பில் அந்த வருஷம் இப்படி எத்தனையோ வீட்டில் நடந்தது. ஆர் கொண்டுபோனது, எதற்குக் கொண்டுபோனது என்று இன்றுவரைக்கும் அந்த வீட்டுக்கு ஒருவரும் சொல்லவில்லை.

எல்லாம் கேட்டும் சிவானி ஓம் என்றாள். படத்தில் பெடியனின் முகம் அவளுக்குப் பிடித்திருந்தது. யாரோ கூப்பிட்டுத் திரும்பிப் பார்க்கிற மாதிரி ஒரு முகம்.

வெள்ளவத்தையில் காலி வீதியிலிருந்து கடலுக்கு இறங்குகிற ஒழுங்கை ஒன்றில் அந்த வீடு. ஒழுங்கையின் அடியில் ரயில் பாதை, அதற்கப்பால் கடல். வாசலுக்கு நேரே, இரண்டு கார் நிற்கக்கூடிய தகரக் கொட்டகை. இரண்டும் ஒரே சாதிக் கார், எம்.ஆர். டூ என்று சொல்கிற ஜப்பான் கார். முன்னுக்கு இரண்டே இரண்டு இருக்கை, பின்னுக்கு ஒன்றுமில்லை. எஞ்சின்கூட முன்னுக்கு இல்லை. ஓட்டுகிறவனின் முதுகுக்குப் பின்னால், முதுகோடு முதுகாக இருக்கும். வெள்ளை துவாரகனுடையது. சிவப்பு கிஷாந்தினுடையது.

அண்ணனும் தம்பியும் அவற்றை அடிபட்டு நொறுங்கின நிலையில் எடுத்து, ஞாயிற்றுக்கிழமைகளில் ஒழுங்கையிலேயே கிடந்து உருட்டிப் பிரட்டிச் சரியாக்கினார்கள். தகப்பன் சிவபாதசுந்தரம் தபால் கந்தோரில் இருந்து இளைப்பாறினவர். அதிகம் கதைக்காத மனுசன், அதற்கு மட்டும் ஒரு பகிடி வைத்திருந்தார். ரெண்டு காரிலும் சேர்த்து நாலு இருக்கை, வீட்டிலும் நாலு பேர், மருமகள்மாருக்கு இடமில்லை என்று நல்ல கணக்காகத்தான் வாங்கியிருக்கிறாங்கள் என்பார். கோயிலுக்குப் போவதென்றால் தகப்பன் சின்னவனோடு ஏறுவார், தாய் பெரியவனோடு ஏறுவார். அன்னபாக்கியம் பிள்ளைகளைப் பேர் சொல்லிக் கூப்பிட்டதில்லை. பெரியவன், சின்னவன், அவ்வளவுதான். பெரியவன் போன அடுத்த வருஷம், ஆசுப்பத்திரி பொலிஸ் என்று ஏறாத படியெல்லாம் ஏறின தகப்பனும் நெஞ்சுவலியில் போய்விட்டார்.

சிவானி வந்தபோது அந்த வீட்டில் அழுகிற சத்தம் இல்லை. துவாரகனின் படத்துக்கு மாலை போடவில்லை, விளக்கு வைக்கவில்லை. திவசம் செய்யவுமில்லை, ஆள் இருக்கிறான் என்று சொல்லவுமில்லை. அவனைப்பற்றிய கதையே இல்லை. மாமியாருக்கு நெஞ்சு கல்லாகிவிட்டது என்று முதலில் நினைத்தாள். போகப்போக, இல்லை, மனம் ஆறிவிட்டது என்று நினைத்தாள். இரண்டும் பிழை.

கலியாணமாகி வந்த முதல் வேலைநாளே நடந்த ஒன்றைச் சொல்ல வேண்டும். பின்னேரம் கடை பூட்டி வருகிற கிஷாந்தின் கார் காலி வீதியிலிருந்து ஒழுங்கைக்குள் திரும்பும்போது, ஒரு சத்தம் வரும். கியரைக் குறைக்கிறபோது எஞ்சின் தொண்டையைச் செருமுகிற மாதிரி இரண்டு தரம் உறுமி இறங்கும். அந்தச் சத்தம் கேட்டதும் குசினியில் அன்னபாக்கியம் அடுப்பைப் பற்றவைப்பார். கார் கொட்டகைக்குள் நின்று, அவன் கைகால் கழுவி வர, மேசையில் இரண்டு கோப்பை தேத்தண்ணி இருக்கும். ஒன்று கிஷாந்தின் மண்நிறக் கோப்பை. மற்றது நீல வரி போட்டது. அன்று சிவானி அந்த நீலக் கோப்பையைத் தனக்கென்று நினைத்து எடுத்தாள். அன்னபாக்கியத்தின் விரல் கோப்பையின் பிடியிலேயே இருந்தது. ஒரு கணம் எடுக்கவில்லை. பிறகு எடுத்துவிட்டார். புது மருமகளிடம் கூச்சமாக்கும் என்று சிவானி நினைத்தாள். அதன்பிறகு நீலக் கோப்பை அவளுடையதாகிவிட்டது. அன்னபாக்கியம் பின்னேரத் தேத்தண்ணி குடிப்பதில்லை, குடித்தால் இரவு நித்திரை வராது என்பார்.

சுபோதினி மாமி சொன்னது சரியாகத்தான் இருந்தது. சிவப்புக் காரில் கிஷாந்த் அவளை ஏற்றினான். நீர்கொழும்புக்குப் போனார்கள், இரத்தினபுரிக்குப் போனார்கள். இருக்கைக்குப் பின்னால் இருந்து வருகிற சூடு அவளுடைய முதுகில் படும். பின்னுக்கு யாரோ ஒட்டிக்கொண்டு இருக்கிறது போலிருக்கும். வெள்ளைக் காரில் மட்டும் அவன் ஒருநாளும் ஏறு என்று சொல்லவில்லை. வெள்ளிக்கிழமைகளில் அதன் மூடுதுணியை விலக்கி, ஓட்டுகிற பக்கத்துக் கதவைத் திறக்காமல், மற்றப் பக்கத்தால் சரிந்து சாவியைத் திருப்புவான். எஞ்சினை ஓடவிட்டு மற்ற இருக்கையில் இருப்பான். ஓட்டுகிற இருக்கை நெடுங்காலன் ஒருவன் இருந்து எழும்பின மாதிரி பின்னுக்குத் தள்ளினபடியே இருந்தது. ஆட்கள் அந்தக் காரை இரத்மலானைப் பக்கத்தில் ஒரு குறுக்கு வீதியில் கண்டபோது கதவு திறந்திருந்ததாம். சாவி உள்ளே. விடிந்த பிறகும் எஞ்சின் ஓடிக்கொண்டே இருந்ததாம்.

ஒருமுறை பொறுக்க முடியாமல் கேட்டாள், அதற்குள் இருந்து என்னத்தைத்தான் கேட்கிறீர்கள் என்று. அவன் சொன்ன பதிலை அவள் பிறகு பலநாள் நினைத்திருக்கிறாள்.

"எல்லாத்தையும் பாத்தது இந்த எஞ்சின்தான். இரவிரவா ஓடிக்கொண்டு நிண்டது. கதைக்குமெண்டா இதுதான் கதைக்கும்."

இப்படியே வருஷங்கள் போயின. பிள்ளை இல்லை. இருந்தால் எந்தக் காரில் ஏற்றுவது என்று சிவானி தனக்குள் சிரித்ததும் உண்டு. மூன்று பேரும் சேர்ந்து ஓரிடம் போவதென்றால் ஓட்டோ பிடிக்க வேண்டும். பெரும்பாலும் அன்னபாக்கியம் நீங்கள் போட்டு வாங்கோ என்று நின்றுவிடுவார். சிவானிக்கு அந்தக் கொட்டகையைப் பார்க்கவே பிடிக்காது. ஒன்றில் போனவன் இருக்கிறான், மற்றதில் இருக்கிறவன் போய்க்கொண்டிருக்கிறான் என்று சுபோதினி மாமியிடம் போனில் சொல்லி அழுதிருக்கிறாள்.

போன வருஷம் தெமட்டகொடையிலிருந்து ஸஹாப்தீன் கோல் எடுத்தார். பழைய கார் வாங்கி விற்கிறவர், ரயில் யாட் மதிலோடு ஒட்டின வளவு ஒன்று வைத்திருக்கிறார். கிஷாந்த் அந்தக் குரலைக் கேட்டதும் கதிரையில் இருந்துவிட்டான். துவாரகனைக் கடைசியாகக் கண்டவர் அவர்தான். அந்த வியாழக்கிழமை துவாரகன் போனது அவருடைய வளவுக்கு, ஒரு எவோ கார் பார்க்க.

எவோ என்பது நாலு கதவு வைத்த கார். பார்த்தால் வீட்டுக் கார் மாதிரி, மிதித்தால் புலி. அண்ணனும் தம்பியும் அதற்காக ஏங்கின ஏக்கம் கொஞ்சமல்ல. தங்களுடைய இரண்டையும் கொடுத்து அந்த ஒன்றை எடுப்போம், கிழமைக்குக் கிழமை மாறி மாறி ஓட்டுவோம் என்பது துவாரகன் போட்ட திட்டம். அன்று பார்த்துவிட்டு வந்து சொல்கிறேன் என்று போனான்.

"தம்பி, ஒங்கட நானா பாத்தாரே, அதே வாகனம் திரும்பி வந்தீக்கி" என்றார் ஸஹாப்தீன், அவருக்கு அண்ணன் என்றால் நானா. "நாலு கை மாறி வந்தீக்கி. மத்தாக்களுக்குச் செல்ல முந்தி ஒங்களுக்குச் செல்றன். ரெண்டையும் தாங்க, இதக் கொண்டு போங்க. அவரு சென்ன கததான்."

அன்று பின்னேரம் கிஷாந்த் தேத்தண்ணியை ஆறவிட்டான். சிவானியிடம் விஷயத்தைச் சொல்லிவிட்டு, கொடுக்கவா விடவா என்று கேட்டான். அவள் கேட்டது ஒன்றே ஒன்று.

"பின்சீட் இருக்கோ?"

"இருக்கு."

"அப்ப அது எவ்வளவு வேகமா ஓடினாலும் எனக்குக் காரியமில்லை. உங்கட அம்மாவை ஏத்திக்கொண்டு முன்னேஸ்வரம் கோயிலுக்குப் போகலாம்."

இரண்டு பேரும் சிரித்தார்கள். அந்த வீட்டில் அப்படிச் சிரித்துக் கனகாலம். ஆனால் சிரித்து முடிய அவன் கொட்டகைப் பக்கம் பார்த்தான். கொடுத்தால் அண்ணன் ஆசைப்பட்டதைச் செய்ததாகும். கொடுத்தால் அண்ணனைக் கொடுத்ததாகவும் ஆகும். எந்தப் பக்கம் பிடித்தாலும் மற்றப் பக்கம் குத்துகிற பலாப்பழம்.

அடுத்த ஞாயிறு ஸஹாப்தீன் வெள்ளவத்தைக்கே வந்து கார்களைப் பார்த்தார். வயது போய்விட்டது, தொப்பி, கையில் டோர்ச். இரண்டு எஞ்சின் மூடியையும் திறந்து, இலக்கங்களைப் பார்த்து, கார்ப் பதிவுப் புத்தகங்களோடு ஒத்துப்பார்த்தவர், நிமிர்ந்து நாடியைச் சொறிந்தார்.

"இது என்ன தம்பி? ரெண்டு பேரும் சாரத்த மாத்திக் கட்டிட்டு நிக்கிற மாதிரி ஈக்கி. வெள்ளையில ஈக்கிறது செகப்புட எஞ்சின். செகப்புல ஈக்கிறது வெள்ளையிட."

சிவானிக்கு அது புதுச்செய்தி. பக்கத்தில் நின்றவள் புருஷனைப் பார்த்தாள். அவன் அப்போதுதான் சொன்னான், நிலத்தைப் பார்த்துக்கொண்டு. துவாரகன் போவதற்கு முந்தின கிழமை கட்டுகுருந்தையில் ஒரு காரோட்டப் போட்டி. பேர் கொடுத்தது கிஷாந்த், தன்னுடைய சிவப்புக் காருக்கு. எஞ்சின் நல்லது அண்ணனுடையது. அவனே அதைக் கழற்றித் திருத்தி, சைலன்சரும் வேறு போட்டு வைத்திருந்தான். தம்பி வெல்லவேண்டும் என்று, தன்னுடைய எஞ்சினைச் சைலன்சரோடு கழற்றிச் சிவப்புக்குள் போட்டான், சிவப்பினுடையதை வெள்ளைக்குள் போட்டான். போட்டியில் கிஷாந்த் மூன்றாவதாக வந்தான். வருகிற ஞாயிறு மாற்றிவிடுவோம் என்றார்கள். அதற்குள் வியாழன் வந்துவிட்டது.

சிவானிக்கு முதுகு சில்லிட்டது. இத்தனை வருஷமாக இருக்கைக்குப் பின்னால் அவள் உணர்ந்த சூடு, போனவனுடைய எஞ்சினின் சூடு. இரத்மலானையில் விடியவிடிய ஓடிக்கொண்டு நின்றது கிஷாந்தினுடையது. ஒன்றை விற்று ஒன்றை வைத்திருங்கள் என்று அவள் எத்தனை தரம் சொல்லியிருப்பாள், அவன் ஏன் ஒருநாளும் பதில் சொல்லவில்லை என்பது அப்போதுதான் விளங்கிற்று. எதை விற்பது? எதில் அண்ணன் இருக்கிறான்?

ஸஹாப்தீன் தொப்பியைக் கழற்றித் திரும்பப் போட்டார். எஞ்சின் மாறினதை எழுத்தில் சரிக்கட்டலாம், அது தன்னுடைய பாடு என்றார். வெள்ளைக் கார் துவாரகனின் பேரில் இருந்தபடியால் தாயின் சம்மதம் வேண்டும், அதுதான் காரியம். பயந்து பயந்துதான் கிஷாந்த் குசினிக்குப் போனான். சிவானி கதவடியில் நின்றாள். அன்னபாக்கியம் கீரை ஆய்ந்துகொண்டிருந்தார். வெள்ளைக் காரைக் கொடுக்கலாமோ அம்மா என்று மகன் கேட்க, தலையை நிமிர்த்தாமலே, கொடன், அது நின்று கறள் பிடிச்சு என்ன செய்கிறது என்றார். அவ்வளவுதான். அந்தக் காரை அவர் ஒருநாள்கூடத் தொட்டுப் பார்க்காதவர். மனம் ஆறின ஆள் என்று சிவானி தனக்குள் சொல்லிக்கொண்டாள்.

சிவப்பைப் பற்றி ஒருவரும் அவரிடம் கேட்கவில்லை. அது கிஷாந்தினுடையது, அதற்கு ஆருடைய சம்மதம் வேண்டும்? அந்தக் கேள்வியைக் கேளாமல் விட்டதுதான் அவர்கள் விட்ட பிழை.

அப்படியும் கிஷாந்துக்கு மனம் ஒரு நிலையில் நிற்கவில்லை. ஒருநாள் கொடுக்கிறேன் என்பான், மறுநாள் சாப்பாட்டில் கை வைத்தபடி யோசித்துக்கொண்டிருப்பான். கடைசியில் ஸஹாப்தீனே ஒரு வழி சொன்னார். பௌர்ணமிப் போயா லீவு வருகிறது, செகப்பை இங்கே வைத்துவிட்டு எவோவைக் கொண்டுபோய் வீட்டில் வைத்து ஓடிப்பாருங்கள், மனம் பிடிக்காவிட்டால் திரும்பக் கொண்டுவாருங்கள், கடவுள் சாட்சியாக நான் ஒன்றும் சொல்லமாட்டேன் என்றார்.

சிவானியும் கூடப் போனாள். எவோ சாம்பல் நிறம். கிஷாந்த் அதன் கதவைத் திறந்து இருக்கையைத் தொட்டான். அதிலேதான் அண்ணன் இருந்து பார்த்தான் என்று ஸஹாப்தீன் சொன்னார். பிளேன்டீ குடித்தானாம். தம்பியையும் கூட்டி வருகிறேன் என்று சிரித்தபடி போனானாம். பிறகு செய்தி கேள்விப்பட்டு வீட்டுக்கு வர நினைத்தும், அந்தக் காலத்துப் பயத்தில் வராமல் விட்டதைச் சொல்லி அந்த மனுசன் கண்ணைத் துடைத்தார். கிஷாந்த் அவருடைய தோளில் கை வைத்தான். பிறகு ஏறி எஞ்சினைப் போட்டான்.

வீட்டுக்கு வருகிற வழியெல்லாம் சிவானி வேண்டுமென்றே பின்சீட்டில் இருந்தாள். காலை நீட்டினாள். முதுகில் சூடு இல்லை. எஞ்சின் முன்னுக்கு, யாரோ அந்நியன் மாதிரி. "என்ன, துரைசாணி மாதிரி இருக்கிறீர்" என்று அவன் கண்ணாடியால் பார்த்துப் பகிடி பண்ணினான். பம்பலப்பிட்டியில் வீதி கொஞ்சம் விட்டுக்கொடுக்க, ஒரு மிதி மிதித்தான். சிவானி சீட்டைப் பிடித்துக்கொண்டு முருகா என்றாள். அவன் வாய்விட்டுச் சிரித்தான். அந்தச் சிரிப்பைக் கேட்டபோது, இது எங்களுடைய கார், இதை நாங்கள் வைத்திருக்கப் போகிறோம் என்று அவளுக்கு நிச்சயமாகப் பட்டது. அவனும் அப்படித்தான் நினைத்தான் என்று பிறகு சொன்னான்.

ஒழுங்கைக்குள் திரும்பினார்கள். வெள்ளைக் காருக்குப் பக்கத்தில் எவோ போய் நின்றது. மாமியாரைக் கூட்டி வந்து பின்சீட்டில் இருத்த வேண்டும் என்று சிவானி செருப்பைக் கழற்றாமலே உள்ளே ஓடினாள்.

குசினியில் அடுப்புப் பற்றவில்லை. மேசையில் கோப்பை இல்லை. அன்னபாக்கியம் வாசலைப் பார்த்தபடி கதிரையின் நுனியில் இருந்தார், ஆசுப்பத்திரியில் பேர் கூப்பிடக் காத்திருக்கிறவர்கள் இருப்பார்களே, அப்படி. கிஷாந்த் உள்ளே வந்தான். தாய் அவனைப் பார்த்தார், அவனுக்குப் பின்னால் வாசலைப் பார்த்தார், திரும்ப அவனைப் பார்த்தார்.

"பெரியவனை எங்க விட்டிட்டு வந்தனீ?"

அந்த வீட்டுக்கு வந்த நாள்முதல் சிவானி அவருடைய வாயால் பெரியவன் என்ற சொல்லைக் கேட்டதில்லை. கிஷாந்த் தாயின் முன்னால் குந்தி, அம்மா, அண்ணா இல்லையம்மா என்று மெல்லச் சொன்னான், குழந்தைக்குச் சொல்கிற மாதிரி.

அன்னபாக்கியம் அவனுடைய கையை விலக்கினார்.

"எனக்கு விசரில்லை, சின்னவன். எஞ்சின் மாத்தேக்க உங்கள் ரெண்டு பேருக்கும் தேத்தண்ணி தந்தது நான்தானே. எது எதுக்குள்ள போனது எண்டு எனக்குத் தெரியாதோ? அவன்ட சத்தம் எந்தக் காருக்குள்ள இருந்து வருகுதெண்டு எனக்குத் தெரியாதோ?"

பிறகு, அத்தனை வருஷமாக ஒருவருக்கும் சொல்லாததைச் சொன்னார். சத்தம் உயரவில்லை, கீரைக்கு உப்புக் காணாது என்று சொல்கிற குரல்தான்.

"அண்டைக்கு ஒரு கார் ஒழுங்கை முகப்பில வந்து நிண்டது. உன்ட சத்தம். சின்னவன் வீட்டில எதையோ மறந்திட்டு எடுக்க வந்திருக்கிறானாக்கும் எண்டு நான் அடுப்படியால எழும்பேல்லை. கொஞ்சநேரம் நிண்டது, பிறகு இரத்மலானைப் பக்கம் போட்டுது. மாத்திப் போட்டது நினைவில வரேல்லை. பிறகு நீ கடை பூட்டி வாறாய், அவன்ட சத்தத்தோட. அப்பதான் நினைச்சனான், அப்ப ஆர் வந்து நிண்டதெண்டு. அவன்ட சத்தத்தோட வந்து நிண்டிருந்தா நான் ஓடிப் போயிருப்பன். வாசலுக்குப் போயிருந்தா என்ன ஏது எண்டாவது பாத்திருப்பன்." மடியில் கிடந்த தன் கையைப் பார்த்தார். "அதுக்குப் பிறகு அவன்ட சத்தத்துக்கு ஒருநாளும் நான் எழும்பாம இருந்ததில்லை."

அப்போதுதான் சிவானிக்கு நீலக் கோப்பை கண்ணில் பட்டது. தட்டில் கவிழ்த்தபடி இருந்தது. முதல்நாள் அதன் பிடியைவிட்டு எடுக்காத அந்த விரல் நினைவுக்கு வந்தது. அவள் இத்தனை வருஷமாக யாருக்கு ஊற்றின தேத்தண்ணியைக் குடித்திருக்கிறாள். பின்புறம் போய்த் தண்ணீர்க் குழாயைத் திறந்துவிட்டு நின்றாள்.

அன்றிரவு புருஷனும் பெண்சாதியும் நித்திரை கொள்ளவில்லை. விடியப்புறம் ரயில் போகிறபோது, கிஷாந்த் கூரையைப் பார்த்தபடி, அண்ணா ஏன் ஒழுங்கைக்குள் திரும்பவில்லை என்றான். பின்னால் ஆரோ வருகிறார்கள் என்று தெரிந்திருக்கும், வீட்டைக் காட்டக் கூடாதென்று போயிருப்பான் என்று அவளுக்குப் பட்டது. அவனுக்கும் அதுதான் பட்டிருக்கும். அதை வாயால் சொன்னால் உண்மையாகிவிடும்.

லீவு முடியும்வரை அவன் காத்திருக்கவில்லை. காலையிலேயே எவோவை எடுத்துக்கொண்டு இரண்டு பேரும் தெமட்டகொடைக்குப் போனார்கள். சிவானி இந்தமுறை முன்னுக்கு இருந்தாள். வளவில் சிவப்புக் கார் இல்லை.

கிஷாந்தின் முகம் வெளுத்ததைப் பார்த்து ஸஹாப்தீன் பதறிப்போனார். விற்கவில்லை, ஒருவர் பார்க்க வந்தார், மகன் ஷிஹான் மருதானைப் பக்கம் ஓட்டிக் காட்டப் போயிருக்கிறான், இப்ப வந்துவிடுவான் என்றார். கதிரை போட்டார். கிஷாந்த் மதிலோரமாக இருந்தான். யாட்டில் பெட்டிகளை இழுத்துக் கோர்க்கிற சத்தம். பஸ் ஹோர்ன். மதிலுக்கு அந்தப் பக்கம் ஆரோ சிங்களத்தில் ஏசிக்கொண்டிருந்தார்கள்.

பிறகு அது கேட்டது. தூரத்தில், வீதி வளைகிற இடத்தில். தொண்டையைச் செருமுகிற மாதிரி இரண்டு தரம் உறுமி இறங்கிற்று.

கிஷாந்த் எழும்பி நின்றான். சிவானி அவனைத்தான் பார்த்துக்கொண்டிருந்தாள். வயதில் மூத்த ஆள் வரும்போது எழும்புவார்களே, அப்படி எழும்பினான். சட்டையின் முன்பக்கத்தை இழுத்துச் சரிப்படுத்தினான். அவளுக்கு அப்போதுதான் விளங்கியது. அந்தக் காரை அவன்தான் எப்போதும் ஓட்டினவன். அண்ணன் போன பிறகு அது வருகிற சத்தத்தை அவன் ஒருநாளும் கேட்டதில்லை. அவள் கேட்டிருக்கிறாள், ஒழுங்கை முழுக்கக் கேட்டிருக்கிறது, தாய் ஒவ்வொரு பின்னேரமும் கேட்டிருக்கிறார். தன்னோடு யார் வருகிறார்கள் என்று அவன் ஒருவனுக்குத்தான் தெரியாமல் போயிற்று.

கார் படலைக்குள் திரும்பிற்று. உள்ளே இருந்தவன் ஷிஹான். அது அவர்கள் எல்லாருக்கும் தெரியும். இருந்தாலும் கதவு திறந்து ஷிஹானின் முகம் தெரியும்வரைக்கும் கிஷாந்த் மூச்சு விடவில்லை. சிவானியும் விடவில்லை.

"வந்திட்டார்" என்றான் கிஷாந்த். யாரிடமும் சொல்லவில்லை, வாயிலிருந்து வந்துவிட்டது.

ஸஹாப்தீன் அந்த முகத்தைப் பார்த்தார். மகனிடமிருந்து சாவியை வாங்கிக் கிஷாந்தின் உள்ளங்கையில் வைத்து மூடினார்.

"கொண்டு போங்க தம்பி. இதப் பத்தி இனி நான் கதைக்க மாட்டன்."

வீட்டுக்கு வருகிற வழியில் சிவானியின் முதுகில் மறுபடி அந்தச் சூடு. அவள் சாய்ந்துகொள்ளவில்லை. ஒழுங்கை முகப்பில் கிஷாந்த் காரை நிறுத்தினான். வீடு அங்கிருந்து தெரியாது, வேலியும் கொட்டகையின் ஒரு மூலையும்தான் தெரியும். தமையன் நின்ற அளவுக்கு நின்றிருப்பானோ என்னவோ. பிறகு கியரைப் போட்டுத் திருப்பினான். எஞ்சின் செருமிற்று. பகல் நேரம்தான். என்றாலும் உள்ளே அடுப்புப் பற்றுகிற சத்தம் அவளுக்குக் கேட்டது போலிருந்தது.

மேசையில் இரண்டு கோப்பை. சிவானிக்கு நீலக் கோப்பையைத் தொடக் கை வரவில்லை. அன்னபாக்கியம் அதை அவள் பக்கம் நகர்த்தினார்.

"குடி பிள்ளை. அவன் குடிக்கமாட்டான் எண்டு எனக்குத் தெரியும். ஆறப்போகுது."

அவள் குடித்தாள். அன்று மட்டுமில்லை, இன்றைக்கும் அவள்தான் குடிக்கிறாள். முன்னேஸ்வரத்துக்கு ஓட்டோவிலும் பஸ்ஸிலும் போய்வந்தார்கள், அன்னபாக்கியம் வரவில்லை. பின்னேரம் வீட்டில் நிற்கவேண்டும் என்றார். எவோவைக் குருநாகலிலிருந்து வந்த ஒருவர் கொண்டுபோய்விட்டார் என்று ஸஹாப்தீன் பிறகு சொல்லி அனுப்பினார். எஞ்சின்களைத் திரும்ப மாற்றுகிற கதையைக் கிஷாந்த் எடுக்கவில்லை. வெள்ளிக்கிழமைகளில் வெள்ளைக் காருக்குள் இருப்பதை மட்டும் விட்டுவிட்டான். அதனிடம் கேட்பதற்கு இனி ஒன்றுமில்லை என்றான். அது எங்கே நின்றது, எவ்வளவு நேரம் நின்றது என்று தாய் சொல்லிவிட்டார்.

ஒன்று மாறிவிட்டது. இப்போது கடையிலிருந்து வரும்போது, ஒழுங்கைக்குள் திரும்புமுன் அவன் கண்ணாடியால் பின்னுக்குப் பார்க்கிறான். சிவானி ஒருமுறை கூட இருந்தபோது கண்டாள். பின்னுக்கு ஒருவரும் வரவில்லை என்று நிச்சயமான பிறகுதான் திரும்புகிறான்.

கிஷாந்த் வெள்ளவத்தையில், அதே ஒழுங்கையில், தாயோடும் பெண்சாதியோடும் அந்த இரண்டு காரோடும் இருக்கிறான்.